ராகி முளைத்த குடில்

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கௌதள்ளி. அந்த ஊரைத் தாண்டி மார்டள்ளிப் பக்கம் போனால் தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஊர்கள் வருகின்றன. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும் வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூரு மாவட்டத்துக்குப் போனது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் பூசையும் பாட்டும் பண்டிகைப் பலகாரமும் தமிழிலேயே தொடர்ந்தன. டிசம்பர் பிறந்தால் இங்கே வீட்டுவேலை கூடிவிடும். மூங்கில் சிம்பு சீவி நட்சத்திரம் கட்ட வேண்டும். சாக்கைப் பசையில் தோய்த்து விறைக்கவைத்து மலை செய்ய வேண்டும். பரணில் பழந்துணி சுற்றிக் கிடக்கும் சொரூபங்களை இறக்கித் துடைத்து, மூக்கு உடைந்த இடையனுக்குச் சாயம் பூச வேண்டும். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னதாகத் தட்டில் மண் பரப்பி ராகி விதைக்க வேண்டும், அது இயேசு பிறப்புக் குடிலுக்குப் புல்லாவதற்கு.

இத்தனை வேலைக்கும் சமயப் பொருள் உண்டா, அல்லது பழக்கம் மட்டும்தானா? இதைப் பலரும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விடுகிறார்கள். பதில் சொல்கிறவர்களும் மூன்று வழியில் தப்பித்துக்கொள்கிறார்கள். வேதத்தில் இல்லை, ஆகவே வேண்டாம் என்பது ஒன்று. வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, நம்முடையதை வைப்போம் என்பது இன்னொன்று. அவரவர் மனத்துக்கு எது நிறைவோ அதுவே பொருள் என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றும் எனக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, ஒவ்வோர் அலங்காரத்தையும் தனித்தனியே எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

வேதத்தில் இல்லை என்கிறவர்கள் சொல்வது உண்மைதான். டிசம்பர் 25 என்ற தேதி நற்செய்திகளில் இல்லை. ரோமில் அந்த நாள் கொண்டாடப்பட்டதற்கான பழைய சான்று 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குடிலில் நாம் வைக்கும் மாடும் கழுதையும் லூக்காவிலும் இல்லை, மத்தேயுவிலும் இல்லை; மாடு தன் உடையவனையும் கழுதை தன் எசமானின் தொட்டியையும் அறியும் என்ற பொருள்படும் ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து அவை வந்தன. கீழ்த்திசை ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. அவர்கள் வந்து சேர்ந்தது ஒரு வீட்டுக்கு. தொழுவத்துக்கு என்று எழுதப்படவில்லை. இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்னும் கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் 1647இல் இந்தப் பண்டிகையைச் சட்டம் போட்டே நிறுத்தினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது. இன்றும் தமிழ்ப் பெந்தெகொஸ்து சபைகள் சிலவற்றில் எரேமியா பத்தாம் அதிகாரத்தைக் காட்டி, மரத்தை வெட்டி அலங்கரிப்பது புறச்சாதியார் வழக்கம் என்று போதிக்கிறார்கள்.

எரேமியா பேசுவது தச்சன் செதுக்கி, வெள்ளியும் பொன்னும் பூசி, ஆடாதபடி ஆணியடித்து நிறுத்தும் விக்கிரகத்தைப் பற்றி. வரவேற்பறையில் நிற்கும் சவுக்குக் கிளையை யாரும் கும்பிடுவதில்லை. ஆகவே அந்த வாதம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் பவுல் கலாத்தியருக்கு எழுதியதை அப்படித் தள்ள முடியாது. நாள்களையும் மாதங்களையும் பார்த்துப் பார்த்து அனுசரிக்கிறீர்களே என்று அவர் கவலைப்படுகிறார். அவரே ரோமருக்கு எழுதும்போது, நாளை விசேஷமாக எண்ணுகிறவன் கர்த்தருக்கென்று எண்ணுகிறான் என்று இடம் கொடுக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், அனுசரிப்பது யாருக்காக என்ற கேள்வி மிஞ்சுகிறது. பியூரிட்டன்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியை மட்டும்தான்.

இரண்டாவது வாதம் நம்மவரிடையே இன்று செல்வாக்கோடு இருக்கிறது. மரம், கேக், சிவப்பு அங்கித் தாத்தா எல்லாம் இறக்குமதி. கோலம், மாவிலை, குத்துவிளக்கு நம்முடையவை என்கிறது அது. இந்த அளவுகோலைக் கொஞ்ச தூரம் கொண்டுபோனால் அது தன்னையே வெட்டிக்கொள்கிறது. குடிலும் இறக்குமதிதானே? 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் அமைத்ததிலிருந்துதான் அந்த வழக்கம் பரவியது. சரி, ராகி விதைத்த தட்டாவது நம்முடையதா? அம்மன் கோயில் முளைப்பாரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இருட்டு மூலையில் வைத்து, தினம் நீர் தெளித்து, வெளிர்மஞ்சளாக எழும் முளையை விழாவன்று வெளியே கொண்டுவருவது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா திருநாளன்று, வீடுதோறும் தட்டில் கோதுமை விதைத்து, முளைத்ததைக் கிறிஸ்துமஸ் குடிலருகே வைக்கிறார்கள். மைசூர் நாட்டுக் கத்தோலிக்கரிடையே நெடுங்காலம் பணிசெய்தவர்கள் பாரிஸ் வெளிநாட்டு மறைபணி சபையின் பிரெஞ்சுக் குருக்கள். எது எங்கிருந்து எங்கே போனது என்று சாட்சி தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரண்டு தாய்வீடு உள்ள ஒரு வழக்கம் அதனால் குறைந்துபோவதில்லை. பிறந்த ஊரைக் கேட்டு அலங்காரத்தை ஏற்கவோ தள்ளவோ முடியாது என்பதற்கு அந்த ராகித் தட்டே போதும்.

பின் எதை வைத்து அளப்பது? செய்கிறவர்களின் கையையும் நாளையும் அது கேட்கிறதா என்று பார்ப்பேன். சொல்ல வந்த கதையை, அதன் கசப்பான பகுதியையும் சேர்த்து, சொல்கிறதா என்று பார்ப்பேன். அது யாரைப் பார்த்து நிற்கிறது, யாரை உள்ளே விடுகிறது என்று பார்ப்பேன். இந்த மூன்றில் கடைசியே எனக்குக் கனமானது.

முதலில் குடில். கன்னடம் பேசும் கத்தோலிக்கர் கோதலி என்பார்கள். இந்த அலங்காரங்களில் இதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். ஆகவே இதையே கடுமையாகச் சோதிக்கவும் வேண்டும். கிரேச்சோவில் என்ன நடந்தது என்பதைப் பிரான்சிசின் வரலாற்றை எழுதிய செலானோ தாமஸ் விவரிக்கிறார். வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அதன்மேல் பூசை. மாதா, சூசையப்பர் சொரூபங்களைப் பற்றி அவர் பேசவில்லை. தொட்டியில் பொம்மைக் குழந்தையும் இல்லை. அங்கிருந்த ஒருவருக்கு மட்டும் அதில் குழந்தை தூங்குவதுபோலக் காட்சி கிடைத்தது என்கிறார். பூசைக்குப் பிறகு அந்த வைக்கோலை எடுத்துச் சென்று நோய்ப்பட்ட கால்நடைகளுக்குக் கொடுத்ததும், அவை குணமானதும் அவருடைய குறிப்பில் உண்டு. ஆடுமாடு வைத்திருக்கும் எந்த ஊராருக்கும் இந்த முடிவு விளக்கம் இல்லாமலே புரியும்.

அந்தக் காலித் தொட்டி நம் வீட்டுக் குடிலில் இன்னும் உயிரோடிருக்கிறது. மலை எழுந்து, புல் முளைத்து, மாதாவும் சூசையப்பரும் மண்டியிட்டு, இடையர்கள் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டு நின்றுகொண்டிருக்க, நடுவில் வைக்கோல் மட்டும் கிடக்கும். பாலன் சொரூபம் அலமாரியில் ஒளிந்திருக்கும். பிள்ளைகள் அது எங்கே என்று வீட்டைக் கிளறுவார்கள். நடுச்சாமப் பூசை முடிந்து வந்த பிறகுதான் அதை எடுத்து வைப்பார்கள். திருவருகைக்காலத்தின் இறையியலை எத்தனை மறைக்கல்வி வகுப்பு நடத்தினாலும் இந்தக் காலி இடம் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. எல்லோரும் கூடியிருக்கிறார்கள், வேண்டியவர் மட்டும் இன்னும் வரவில்லை. காத்திருப்பைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாகச் செய்துவைப்பது எளிதல்ல. இந்தக் குடில் அதைச் செய்கிறது. கடையில் வாங்கும் ஃபைபர் குடிலில் பாலன் தொட்டியோடு ஒட்டியே வருகிறான். சேதமாகாது, வருடாவருடம் சாயம் பூச வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள். அதை வாங்குகிற வீட்டில் டிசம்பர் 1ஆம் தேதியே கிறிஸ்து பிறந்துவிடுகிறார். காத்திருக்க ஒன்றும் மிச்சமில்லை. வசதிக்காகச் செய்த அந்தச் சிறு மாற்றத்தில் போனது பண்டிகையின் நடுப்பகுதி.

மைசூரிலேயே இதற்கு நல்ல ஒப்பீடு உண்டு. தசராவில் வீடுதோறும் வைக்கும் பொம்மைக் கொலுவில் பட்டத்து பொம்மை என்னும் ராஜா ராணி மரச்சோடி முதலில் ஏறும். தாய்வீட்டுச் சீராக வந்த அந்தச் சோடியைச் சுற்றித்தான் மற்ற பொம்மைகள். கொலுவில் படி உண்டு, வரிசை உண்டு, தலைமை உண்டு. குடிலில் அந்த ஒழுங்கு தலைகீழாகிறது. ராஜாக்களாகக் காட்டப்படும் ஞானிகள் தூரத்தில் ஒட்டகத்தோடு நிற்க, குழந்தைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் இடையர்கள். இரண்டும் பொம்மை அடுக்குவதுதான், இரண்டும் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதுதான்; கட்டும் உலகம் வேறு வேறு. மைசூரு புனித பிலோமினா பேராலயத்தில் கிறிஸ்துமஸ் நாள்களில் எல்லா மதத்தாரும் குடில் பார்க்க வரிசையில் நிற்பதற்கு ஒரு காரணம், பொம்மைகளை ஊன்றிப் பார்க்கத் தெரிந்த கண் அந்த நகரத்தாருக்கு ஏற்கெனவே இருப்பது என்று நினைக்கிறேன்.

இனி குடிலின் குற்றங்கள். லூக்காவின் இடையர்களையும் மத்தேயுவின் ஞானிகளையும் ஒரே கூரையின்கீழ் நிறுத்தி, இரண்டு கதைகளையும் ஒரு படமாக்கிவிடுகிறது அது. இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, மத்தேயுவிடமிருந்து ஞானிகளை எடுத்துக்கொண்டு ஏரோதை விட்டுவிடுவது. அந்தக் கதையில் ஞானிகள் வந்ததால் ஓர் அரசன் பயந்தான், திருக்குடும்பம் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடியது, அவன் பெத்லகேமில் பச்சைக் குழந்தைகளைக் கொன்றான். டிசம்பர் 28 மாசற்ற குழந்தைகள் திருநாள். திருச்சபை அதைக் கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் தள்ளி வைத்திருப்பது காரணத்தோடுதான். குடில் பார்க்கும் எவருக்கும் அது தெரிவதில்லை. நம் குடிலில் எல்லோரும் வந்து சேர்கிறார்கள், யாரும் துரத்தப்படுவதில்லை. காட்டோர ஊர்களில் அடையாள அட்டையும் பட்டாவும் இல்லாமல் அல்லாடியவர்களுக்கும், பிழைப்புக்காக பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ப் பண்டிகைக்கு மட்டும் திரும்பி வருகிறவர்களுக்கும் அந்த ஓட்டம்தான் கதையின் மிக நெருக்கமான பகுதி. அதையே குடில் அழித்துவிடுகிறது. இது சிறிய குறையல்ல.

மற்றொரு குற்றம் ஆடம்பரம். அதைப் பேசும்போது இந்த மண்ணிலேயே வாழ்ந்த ஒரு கடுமையான சாட்சியை அழைக்காமல் முடியாது. பிரெஞ்சுக் குரு அபே துபுவா 1792இல் இந்தியா வந்து, 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் நாட்டில் சிதறிக்கிடந்த கத்தோலிக்கரைத் திரட்டும் பணியில் இறங்கினார். முப்பதாண்டு இங்கே இருந்துவிட்டு 1823இல் பிரான்சுக்குத் திரும்பினார். அந்த ஆண்டு வெளிவந்த அவருடைய கடிதத் தொகுப்பில் இந்தியக் கத்தோலிக்கத் திருவிழாக்களைப் பற்றிக் கசப்போடு எழுதுகிறார். மேளமும் கொம்பும் தீவட்டியும் வாணவேடிக்கையும் சூழ, பூமாலை குவிந்த தேரில் சொரூபம் வருவதைப் பார்த்து, இதற்கும் இந்துக் கோயில் ஊர்வலத்துக்கும் என்ன வேறுபாடு என்று கூசுகிறார். ஆனால் அதே துபுவா, கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் தராத வறண்ட வழிபாடு இந்த மக்களிடம் எடுபடாது என்றும், சடங்கும் அலங்காரமும் உள்ள கத்தோலிக்க வழியே இவர்களுக்கு நெருக்கமானது என்றும் சொல்கிறார். இந்த இரண்டையும் அவர் பொருத்திப் பார்க்கவே இல்லை. அவருடைய கூச்சத்தில் பாதி, தன் நாட்டாரின் பார்வையில் தன் மக்கள் எப்படித் தோன்றுவார்கள் என்ற கவலை. அந்தப் பாதியை நான் ஒதுக்குகிறேன். மேளம் அடிப்பதால் ஒரு திருவிழா பொய்யாகிவிடாது. மீதிப் பாதி செல்லும். கும்பிட வந்த கூட்டம் பார்க்க வந்த கூட்டமாக மாறும் இடம் ஒன்று உண்டு, அலங்காரத்துக்கு அந்த இடம் தெரியாது என்ற அவருடைய அச்சம் சரியானது. பங்குகளில் குடில் போட்டி வைத்து, நீர்வீழ்ச்சியும் ஓடும் ரயிலும் தெர்மாக்கோல் பனியும் வைத்த குடிலுக்கு முதல் பரிசு கொடுக்கும்போது அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறோம். ஏழ்மையைக் காட்டும் பொம்மைக்கு அதிகச் செலவு செய்தவருக்குப் பரிசு என்பது, சொல்ல வந்த பொருளையே மறுப்பது.

நம் பண்பாட்டைச் சேர்ப்போம் என்கிறவர்கள் கவனிக்காத ஒன்றைக் குடில் செய்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவியும் பூணூலும் சந்தனமும் ஏற்றார்; 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவற்றுக்கு இசைவு தந்தார். அதே வழியில்தான் லெயோனார்தோ சின்னாமி 1640களின் இறுதியில் சந்நியாசிக் கோலத்தில் மைசூர் நாட்டுக்கு வந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பணி தொடங்கினார். அவர்கள் எடுத்துக்கொண்ட அடையாளங்கள் அநேகமாக எல்லாம் மேல்சாதியுடையவை. 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டு ரோம் ஒப்புக்கொண்ட பன்னிரண்டு வழிபாட்டு மாற்றங்கள், ஆரத்தியும் குத்துவிளக்கும் கைகூப்பலுமாக, அதே திசையைப் பார்த்தன என்று தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் விமர்சித்தது நியாயமான விமர்சனம். குடில் அந்தப் பாதையில் போகவில்லை. சாணமும் வைக்கோலும், இரவில் வெட்டவெளியில் கிடை காப்பவர்களும்தான் அதன் பொருள்கள். இந்த நாட்டில் அந்தப் பொருள்களுக்கு ஒரு சாதி இடம் உண்டு; அது கோபுரத்துக்குப் பக்கத்தில் இல்லை. அந்த வகையில் குடில் வைக்கும் வீடு ஒரு பெரிய வாக்கைக் கொடுக்கிறது.

அந்த வாக்கை நம் திருச்சபை காப்பாற்றியதா? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் 1872இல் கட்டப்பட்டபோது, சாதிக்கொரு பக்கமாக, நடுவில் சுவரோடு, ஒரே பீடத்தை இரு பக்கமிருந்தும் பார்க்கும்படி கட்டினார்கள். அந்தச் சுவர் இடிக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அத்தனை ஆண்டுகள் அந்த ஆலயத்திலும் கிறிஸ்துமஸ் வந்தது, பாலன் பிறந்தான். சத்திரத்தில் இடமில்லாமல் போன குடும்பத்தின் பேராலேயே அமைந்த கோயிலில் நடந்தது இது. அலங்காரத்துக்கு இயல்பாகவே பொருள் உண்டு என்று சொல்கிறவர்கள் இந்தச் சுவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். என் பதில், குடிலுக்குத் தன்னளவில் ஒரு சக்தியும் கிடையாது என்பதுதான். அது கேட்கிறது, வீடு செய்தால் உண்டு, செய்யாவிட்டால் இல்லை. இன்றும் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாக கேரல் ரவுண்ட்ஸ் போகும் குழு எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, எந்த வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறது, எந்த வீட்டு வாசலில் நின்றபடியே பாடிவிட்டு நகர்கிறது என்று பாருங்கள். அந்தப் பங்கின் குடிலுக்கு எவ்வளவு பொருள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது நட்சத்திரம். தரங்கம்பாடியில் 1760 முதல் 1803 வரை இருந்த புரொட்டஸ்டண்ட் மறைபணியாளர்களான மொராவியச் சகோதரர்கள்தான் தமிழ்நாட்டுக்குத் தாள் நட்சத்திரத்தைக் கொண்டுவந்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. காலம் ஒத்துவரவில்லை. மொராவிய நட்சத்திரம் ஜெர்மனியின் நீஸ்கி ஊர்ப் பள்ளியில், 1830களில், வடிவகணிதப் பாடமாகத்தான் முதலில் செய்யப்பட்டது. தரங்கம்பாடிச் சகோதரர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். தாய்தகப்பன் தூர தேசங்களில் மறைபணியில் இருக்க, விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளிடையே அந்த நட்சத்திரம் பரவியது. பிறகு ஹெர்ன்ஹூட் ஊரில் 1897 முதல் விற்பனைக்கும் செய்யத் தொடங்கினார்கள். நம் ஐந்துமுனை நட்சத்திரம் எங்கிருந்து வந்திருந்தாலும் அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, வேறெந்த அலங்காரமும் அதைச் செய்வதில்லை. குடில் வீட்டுக்குள்ளே பார்க்கிறது. நட்சத்திரம் தெருவைப் பார்க்கிறது. மத்தேயுவில் விண்மீனைக் கண்டு நடந்தவர்கள் புறத்தார். வேதத்தைக் கையில் வைத்திருந்த எருசலேம்காரர்கள் ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மாதேஸ்வரனைக் கும்பிடும் வீடும் மாதாவைக் கும்பிடும் வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊரில், வாசலுக்கு மேல் ஏறும் விளக்கு அடுத்த வீட்டாருக்கும் சேர்த்தே எரிகிறது. பலகாரத் தட்டு போய், அங்கிருந்து பொங்கலுக்குத் தட்டு திரும்பி வரும் உறவுக்கு அது அறிவிப்பு. சீரியல் விளக்கை மாடி முழுக்கச் சுற்றுவது இதைச் செய்யாது. அது வீட்டுக்காரரின் வசதியைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

மரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் வீட்டுக்குள் ஃபிர் மரம் நிறுத்திக் காகித ரோஜாவும் ஆப்பிளும் கட்டியதற்குக் குறிப்பு இருக்கிறது. 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் விக்டோரியா அரசி குடும்பத்தின் மரம் படமாக வந்தபின் உலகெங்கும் பரவியது. பனியில் மற்ற மரங்கள் மொட்டையாகி நிற்கும்போது பச்சையாக நிற்கும் மரம் என்பதில்தான் அதன் பொருள். டிசம்பரில் வேலியெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கும் நம் நாட்டில் அந்தப் பொருள் வேர்பிடிக்கவில்லை. இருந்தால் அழகு, இல்லாவிட்டால் இழப்பில்லை. கேக்கும் அப்படித்தான். 1883இல் தலசேரியில் மம்பள்ளி பாபு ஓர் ஆங்கிலேயருக்காகச் சுட்டுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்தக் கேக் தென்னாட்டில் ஊன்றிவிட்டது. ஆனால் அதிரசத்துக்கு மாவு இடிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவதுபோல, கேக் வாங்க யாரும் கூடுவதில்லை.

கிறிஸ்துமஸ் தாத்தாவை மட்டும் அப்படி விட்டுவிட மாட்டேன். நான்காம் நூற்றாண்டு மிரா நகர ஆயர் நிக்கோலாசைப் பற்றிய மரபுக்கதையில், மூன்று பெண்களுக்குச் சீதனம் கொடுக்க வழியில்லாமல் தகப்பன் அவர்களை விற்றுவிட இருந்தான். நிக்கோலாஸ் இரவில் ஜன்னல் வழியே பொன் முடிப்பைப் போட்டுவிட்டு, யார் என்று தெரியாமல் போனார். வரதட்சணைக்காகப் பெண்கள் இன்னும் சாகும் நாட்டில் இதைவிடத் தேவையான கதை வேறென்ன? நாமோ அதை முகமூடியாகவும் பஞ்சுத் தாடியாகவும் மிட்டாயாகவும் சுருக்கி, உண்டியலோடு வீடு வீடாக ஆடவைக்கிறோம். கொடுத்தவர் மறைந்திருந்தார், நாம் கொடுப்பவரை வேடிக்கையாக்கி நடுவில் நிறுத்தியிருக்கிறோம். டிசம்பர் 6, நிக்கோலாஸ் திருநாளன்று, பங்கில் ஒரு பெண்ணின் படிப்புக்குப் பெயர் சொல்லாமல் பணம் சேர்த்துக் கொடுத்தால் தாத்தாவுக்கு நாம் பட்ட கடன் தீரும். ஆடும் தாத்தா குடிலுக்கு முன்னால் வரவே கூடாது என்பது என் கருத்து.

மனத்துக்கு நிறைவாக இருப்பதே பொருள் என்ற மூன்றாவது வாதத்துக்கு இப்போது வருகிறேன். இதற்குப் பதிலை நம் ஊர்களின் வழக்கம் ஒன்றே வைத்திருக்கிறது. அந்த ஆண்டு வீட்டில் சாவு விழுந்திருந்தால் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், குடில் வைக்கமாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. தெருவில் எல்லா வாசலிலும் விளக்கு எரிய, அந்த ஒரு வாசல் இருட்டாக இருக்கும். அலங்காரம் வெறும் அழகு என்றால் அது இல்லாததும் ஒன்றும் சொல்லாது. இங்கே அந்த இருட்டு தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறது. உறவினரும் அயலாரும் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு முதலில் போவது அந்த வீட்டுக்குத்தான். அலங்காரம் தனிமனித நினைவை மட்டும் சுமப்பதாக இருந்தால் இது நடக்காது. இது ஊர் சேர்ந்து பேசும் மொழி. ஒரு வீடு மௌனமாகும்போது மற்ற வீடுகள் அதைப் புரிந்துகொள்கின்றன.

ஆனாலும் இந்த வழக்கத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பண்டிகையைச் சந்தோஷம் என்று மட்டும் எண்ணுவதால்தான் துக்க வீடு அதிலிருந்து விலகுகிறது. பெத்லகேமில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் அந்தக் கதைக்குள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், குடிலுக்கு எல்லோரையும்விட உரிமை அந்த வீட்டுக்குத்தான். நட்சத்திரத்தைக் கட்டாமல் விடட்டும். அது தெருவுக்குச் சொல்வது, துக்கத்தையும் சொல்லலாம். குடிலை மட்டும் வைக்கலாம். விளக்கும் ஜிகினாவும் இல்லாமல், தொட்டியும் வைக்கோலும் முளைத்த ராகியுமாக. கிரேச்சோவில் இருந்தது ஏறக்குறைய அவ்வளவுதானே. பாப்பரசர் பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1இல் அதே கிரேச்சோவில் கையெழுத்திட்டு வெளியிட்ட மடலில், குடிலை வீட்டிலும் வேலையிடத்திலும் மருத்துவமனையிலும் சிறையிலும் வைக்கச் சொல்கிறார். மருத்துவமனையையும் சிறையையும் சேர்த்தவர் துக்க வீட்டை விலக்கியிருக்க மாட்டார்.

என் தீர்ப்பு இது. வீட்டார் கையால் செய்து, பாலன் வரும்வரை காலியாக நிற்கும் குடில் சமயப் பொருளும் சொந்தப் பொருளும் ஒருங்கே உடையது. அதைக் கைவிடுவது இழப்பு. நட்சத்திரம் அதற்கு அடுத்தது, வாசலுக்கு வெளியே தொங்கும் வரை. மரமும் கேக்கும் விருப்பத்துக்கு விடவேண்டியவை. தாத்தாவை நிக்கோலாசாகத் திருத்தினாலொழிய ஏற்க முடியாது. இவற்றில் எதுவும் சாதிச் சுவரைத் தாண்டாத பங்கில் பொருள் தராது.

குடிலுக்கும் சில நிபந்தனைகள் உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அதைக் கலைக்கக் கூடாது. மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை நிற்க வேண்டும், ராஜாக்களும் அதுவரை தினம் கொஞ்சம் கொஞ்சமாக மலையடிவாரத்திலிருந்து நகர்ந்து வரவேண்டும். டிசம்பர் 28 அன்று பிள்ளைகளை உட்காரவைத்து ஏரோதின் கதையைச் சொல்ல வேண்டும். ஆறாம் தேதி ராஜாக்கள் வந்து திரும்பிய பிறகு, சொரூபங்களைப் பெட்டியில் வைக்கும் முன், மாதாவையும் சூசையப்பரையும் பாலனையும் மட்டும் எடுத்துக் குடிலுக்கு வெளியே, வாசற்படிப் பக்கம், ஓர் இரவு வைக்கலாம். எகிப்துக்குப் போகிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியும். பங்குகளில் குடில் போட்டியை நிறுத்திவிட்டு, அந்தப் பரிசுப் பணத்தில் இந்த ஆண்டு பலகாரம் சுடாத வீடுகளுக்கு அரிசியும் எண்ணெயும் வாங்கிக் கொடுக்கலாம். போட்டியை நிறுத்தினால் இளைஞர்கள் வரமாட்டார்கள் என்று பங்குப் பேரவையில் சொல்வார்கள். மூட்டை தூக்கவும் வீடு வீடாகப் போய்க் கொடுக்கவும் ஆள் வேண்டும். அதற்கு அவர்களைக் கூப்பிடுங்கள்.